வாதாட வேண்டியது மாமியாரிடம் அல்ல

கேள்வி:

வணக்கம் டாக்டர். குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. எனக்கு 47 வயது. வீட்டிலேயே பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரருக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. காலையில் போனால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருவார். மாமியாருக்கு 76 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் பல வருஷமாக மாத்திரை போடுகிறார். மாமனார் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. அதிலிருந்தே அத்தை சரியில்லை. முதலில் குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டார். பிறகு ஒரு நாள் கோயிலுக்குப் போனவர் வழி தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் நின்றார். இப்போது தினமும், "என் துட்டக் காணோம், இவதான் எடுத்துகினா" என்கிறார். சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகாது, வாசலில் போய் உட்கார்ந்து, "இவ எனக்குச் சோறே போடல" என்று போகிற வருகிறவர்களிடம் சொல்கிறார். சாயங்காலம் ஆனால் துணியை மூட்டை கட்டிக்கொண்டு, "வூட்டுக்குப் போவணும்" என்று கிளம்புகிறார். ராத்திரி தூங்குவதில்லை என்று மெடிக்கல் ஷாப்பில் சொல்லித் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். அதைப் போட ஆரம்பித்த பிறகு போன மாசம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இந்த நான்கு நாளாகப் பகலெல்லாம் தூங்குகிறார், சுவர்மேல் குழந்தைகள் உட்கார்ந்திருக்கின்றன என்கிறார், ஒன்றுக்குப் போவதும் தெரியவில்லை.

நாத்தனார் பெங்களூரில் இருக்கிறார். கொழுந்தனார் ராணிப்பேட்டையில். நாத்தனார் வந்து இரண்டு நாள் இருந்தால் அத்தை ரொம்ப நன்றாகப் பேசுகிறார். "எங்கம்மா நல்லாத்தானே கீறாங்க, அண்ணி, நீங்கதான் சும்மா கோவப்படுறீங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். மூன்று பேரும் மாசம் ஒருத்தராக வைத்துக்கொள்ளலாம் என்றும் பேச்சு நடக்கிறது. இல்லாவிட்டால் ஹோமில் விடலாம் என்கிறார்கள். வீட்டை இப்போதே எழுதி வாங்கிவிடலாம் என்று கொழுந்தனார் சொல்கிறார்.

போன வாரம் நான் கையை ஓங்கிவிட்டேன். ஒரு அடி விழுந்தும்விட்டது. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. சில ராத்திரி, காட்பாடி போய் ஏதோ ஒரு ரயிலில் ஏறிவிடலாமா என்றிருக்கிறது. இது வியாதியா, வேண்டுமென்றே செய்கிறாரா? நான் கெட்டவளா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மிக அவசரமான செய்தி நடுவில் ஒரே வரியில் இருக்கிறது. நான்கு நாளாகப் பகலில் தூக்கம், சுவரில் குழந்தைகள், சிறுநீர் போவது தெரியவில்லை. கைபேசி எண்ணையும் எழுதியிருந்ததால் அன்றே கூப்பிட்டு, பதில் வரட்டும் என்று காத்திருக்காமல் குடியாத்தம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொன்னேன். சிறுநீரில் தொற்று, இரத்தத்தில் சோடியம் என்ற உப்பின் அளவும் குறைவு என்று சொல்லி மருந்து கொடுத்திருப்பதாக உங்கள் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். இப்போது குழந்தைகள் தெரிவதில்லையாம். நல்லது. இதே நிலையில் இன்னும் பல வீடுகள் இருக்கும் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

மறதி மாதக்கணக்கில் மெல்ல வருவது. நேற்றுவரை ஒரு மாதிரி இருந்தவர் இரண்டு மூன்று நாளில் வேறு ஆளாகிவிட்டால், காலையில் தெளிவு, மதியம் மயக்கம், ராத்திரி பிதற்றல் என்று மாறி மாறி இருந்தால், அது மறதி முற்றியதாகப் பெரும்பாலும் இருக்காது. உடம்பில் எங்கோ ஏற்பட்ட கோளாறு மூளையைக் கலக்குகிறது. டெலிரியம் என்போம். சிறுநீர்த் தொற்று, நெஞ்சில் சளி, நாள்கணக்கில் மலச்சிக்கல், சர்க்கரை இறங்கிப்போவது, சோடியம் குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று எதுவும் காரணமாகலாம். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். அதனால்தான் வீட்டில் இருப்பவர்கள் அதை உடம்பு நோயாக எண்ணுவதில்லை, "முத்திப்போச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். மறதி நோய் ஏற்கெனவே இருப்பவருக்கு இது இன்னும் எளிதாக வரும். இது அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டிய நிலை. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிவார்கள், சிலருக்குச் சில வாரம் பிடிக்கும்.

நம் ஊர் வெயிலையும் இதில் சேர்க்கவேண்டும். சித்திரை, வைகாசியில் வேலூர் மாவட்டம் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வயது ஏற ஏறத் தாகம் தெரிவது குறைந்துவிடும். ராத்திரி எழுந்து பாத்ரூம் போகப் பயந்து அவர்களாகவே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். துணி நனைகிறதே என்று சில வீடுகளில் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் கொடுப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். பகலில் அரை டம்ளர், அரை டம்ளராக நீங்களே கையில் கொடுங்கள். தண்ணீர், நீர்மோர், ரசம், கஞ்சி எல்லாம் கணக்குத்தான். இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அந்த மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை போடுகிறாரா என்றும் பாருங்கள். சோடியம் குறைய அது ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்தது அந்தத் தூக்க மாத்திரை. இந்த வயதில் தூக்க மாத்திரை நடையைத் தடுமாற வைக்கும், குழப்பத்தையும் கூட்டும். பாத்ரூமில் விழுந்ததற்கும் அதற்கும் தொடர்பு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அரிப்புக்கும் சளிக்கும் கொடுக்கும் தூக்கம் வரும் மாத்திரைகளும் மறதியை மோசமாக்கும். ஆனால் தினமும் போட்டுவந்த தூக்க மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும், மருத்துவரிடம் அட்டையைக் காட்டிப் படிப்படியாகக் குறையுங்கள். விழுந்ததைப் பற்றி இன்னொன்று: தலையில் அடி பட்டதா என்று எழுதவில்லை. வயதானவர்களுக்கு லேசான அடியிலும் மண்டை ஓட்டுக்கு உள்ளே இரத்தம் கசிந்து, வாரக்கணக்கில் மெல்லச் சேர்ந்து, பிறகு குழப்பமாகவும் மயக்கமாகவும் வெளியே தெரியும். ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எடுக்கலாம்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. வியாதியா, வேண்டுமென்றா?

நீங்கள் எழுதியிருக்கும் வரிசையைப் பார்த்தால், உப்பில் தொடங்கி, வழி தவறி, பணத்தில் வந்து நிற்பது, டிமென்ஷியா என்னும் மறதி நோயாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கடிதத்தை வைத்து முடிவாகச் சொல்ல மாட்டேன். தைராய்டு, பி12 வைட்டமின், சோடியம் பார்க்கவேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷம் போட்டவர்களுக்கு பி12 குறைவது உண்டு, அதுவும் மறதியாகத் தெரியும். காதும் கண்ணும் பார்க்கவேண்டும். பாதி காதில் விழாமல் தப்பாகப் பதில் சொல்பவரை மறதிக்காரர் என்று முத்திரை குத்திவிடுகிறோம். மனச்சோர்வையும் பார்க்கவேண்டும். மாமனார் போன பிறகுதான் தொடங்கியது என்கிறீர்களே. நம் பெரியவர்கள், "எனக்கு மனசு சரியில்லை" என்று வந்து உட்காருவதில்லை. நெஞ்சு அடைக்கிறது, வயிறு எரிகிறது, கை கால் குடைகிறது என்பார்கள், சோற்றைத் தள்ளிவைப்பார்கள். "போய்ச் சேந்துட்டா தேவல" என்பதை ஊர் வழக்கமாக எடுத்துக்கொண்டு நாமும் கடந்துபோகிறோம். அத்தை அப்படிச் சொல்கிறாரா? சொன்னால் என்னிடம் சொல்லுங்கள், மாத்திரைகளையும் பூச்சி மருந்தையும் பூட்டிவையுங்கள். மனச்சோர்வு மருந்து வேலைசெய்யச் சில வாரம் ஆகும், ஆனால் நன்றாக வேலைசெய்யும் மருந்து அது. டிமென்ஷியா மருந்து பற்றி அப்படிச் சொல்ல முடியாது. சிலருக்குச் சில காலம் இறக்கத்தை மெதுவாக்கும், போன ஞாபகத்தைக் கொண்டுவராது. மூளைக்கு டானிக் என்று யாராவது விற்றால் அந்தக் காசுக்குப் பழம் வாங்கிக் கொடுங்கள்.

எதுவாக இருந்தாலும் சரி, வேண்டுமென்று செய்யவில்லை. சாப்பிட்டது அவர் மூளையில் பதியவே இல்லை. அவரைப் பொறுத்தவரை நீங்கள் சோறு போடாதது பொய்யே இல்லை. பணமும் அப்படித்தான். வாழ்க்கை முழுக்க நான்கு காசு கிடைத்தால் அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் ஒளித்துவைத்தே குடும்பம் நடத்தியிருப்பார். ஒளிக்கும் பழக்கம் இருக்கிறது, ஒளித்த இடம் போய்விட்டது. பணம் காணோம் என்றால் யாரோ எடுத்திருக்கவேண்டும். வீட்டில் யார் இருக்கிறார்? நீங்கள்தான். பெங்களூரில் இருக்கும் மகள்மேல் இந்தப் பழி விழவே விழாது. எப்போதும் பக்கத்தில் இருப்பவர்மேல்தான் விழும்.

ஆகவே சோறு போட்டதை அவரிடம் நிரூபிக்காதீர்கள். "இப்பத்தான தின்னீங்க, தட்டு கூடக் கழுவல பாருங்க" என்று காட்டினால் அவருக்கு ஞாபகம் வராது, தன்னை ஏமாற்றுகிறார்கள் என்ற எண்ணம்தான் வரும். வாதத்தில் ஜெயித்தாலும் பத்து நிமிஷத்தில் அதே கேள்வி திரும்ப வரும், தொண்டை வலி மட்டும் மிஞ்சும். பசிக்குதா என்று கேட்டு, ஒரு பாதி இட்லியோ கொஞ்சம் சுண்டலோ கையில் கொடுங்கள். சர்க்கரை இருப்பதால், வேளைச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்து, அந்தப் பங்கை இப்படிப் பிரித்துக் கொடுக்கலாம். துட்டைக் காணோம் என்றால், "நான் எடுக்கல" என்று தொடங்காதீர்கள். "அடடா, வாங்க, தேடலாம்" என்று அவரோடு தேடுங்கள். ஒரு சுருக்குப் பையில் சில்லறை நோட்டு போட்டு எடுத்துக் கொடுக்கத் தயாராக வைத்திருங்கள். பெரிய பணமும் நகையும் உங்கள் வீட்டுக்காரர் கையில் இருக்கட்டும், உங்களிடம் வேண்டாம். காரணம் உங்களுக்கே தெரியும்.

சாயங்கால மூட்டைக்கும் இதே வழிதான். "இதுதான் உங்க வூடு" என்று எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது. அவர் தேடுவது பிறந்து வளர்ந்த வீடாக இருக்கலாம், அம்மா இருந்த காலமாக இருக்கலாம். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் இந்த நோயில் பலருக்கும் தவிப்பு கூடும். ஐந்தரை மணிக்கே விளக்கைப் போடுங்கள். மூட்டையோடு எழுந்தால் தடுத்து நிறுத்தாமல் தெருக்கோடிவரை கூட நடந்து, அந்த வீட்டில் மாடு எத்தனை இருந்தது, கிணறு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே திரும்பி வாருங்கள். பழைய கதை நன்றாகவே ஞாபகம் இருக்கும். பகலில் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். வேர்க்கடலை உரிப்பது, புளியில் கொட்டை எடுப்பது, துணி மடிப்பது எதுவாகவும் இருக்கட்டும். சரியாகச் செய்கிறாரா என்று பார்க்கவேண்டாம். அவரும் பீடி சுற்றியவராக இருந்தால் உங்கள் முறத்துக்கு வந்து கை வைப்பார். புகையிலைத் தூளும் கத்தரிக்கோலும் வேண்டாம், வெட்டிய இலையை அடுக்கச் சொல்லி, பிறகு கையைக் கழுவிவிடுங்கள்.

வாசலில் உட்கார்ந்து தெருவுக்குச் சொல்கிறாரே, அதுதான் உங்களை அதிகம் சுட்டிருக்கிறது என்று கடிதம் படிக்கும்போது தெரிந்தது. அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேரை நீங்களே கூப்பிட்டு, இது மூளையில் வந்த நோய், இப்படிச் சொல்வார், நீங்கள் மறுக்கவும் வேண்டாம் நம்பவும் வேண்டாம், தனியாக வெளியே போவதைப் பார்த்தால் எனக்கு போன் பண்ணுங்கள் என்று சொல்லிவிடுங்கள். மானம் போகும் என்று மூடிவைத்தால் அவர் சொல்வது மட்டும்தான் ஊர் காதில் விழும். பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு ஒன்றைப் புடவை முந்தானையில் தைத்துவிடுங்கள். குடியாத்தம் கெங்கையம்மன் கோயில் சிரசுத் திருவிழாக் கூட்டத்துக்கு இந்த வருஷம் அழைத்துப் போகவேண்டாம். லட்சக்கணக்கில் ஜனம் திரளும் நாளில் ஒரு நிமிஷம் கை நழுவினால் தேடுவது பெரும்பாடு.

மாமியாரிடம் வாதாடுவதை விடச் சொன்னேன். வாதாடவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அங்கே நீங்கள் வாயைத் திறக்கவே இல்லை. மொத்தக் கடிதத்திலும் உங்கள் வீட்டுக்காரர், கொழுந்தனார், நாத்தனார் மூவரும் என்ன சொன்னார்கள் என்று இருக்கிறது. நீங்கள் அவர்களிடம் என்ன கேட்டீர்கள் என்று ஒரு வரி கூட இல்லை.

ஒரு சட்ட விஷயம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007ஆம் ஆண்டு வந்தது. பெற்றவரைப் பராமரிக்கவேண்டிய பிள்ளைகள் யார் என்று அந்தச் சட்டம் சொல்கிறது: மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. மகள் இருக்கிறார், கல்யாணமாகிப் போனவர் என்று அவருக்கு விலக்கும் இல்லை. இதை வைத்து யார்மேலும் வழக்குப் போடச் சொல்லவில்லை. அத்தையைப் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை, மற்றவர்கள் செய்வது உதவி என்ற எண்ணத்தில்தான் அந்த வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள், நீங்களும் சேர்த்து. கடமை அவர்களுடையது. இத்தனை நாள் செய்துவந்தது நீங்கள். பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள்.

நாத்தனார் வந்தால் அத்தை நன்றாகப் பேசுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது நடிப்பில்லை. இந்த நோயின் தொடக்கத்திலும் நடுவிலும் விருந்தாளி முன்னால் ஒரு நாள், இரண்டு நாள் தன்னை இழுத்துப் பிடித்து நிற்க முடியும். நலம் விசாரிப்பது, சிரிப்பது, பழைய கதை சொல்வது எல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். மகள் பஸ் ஏறிய பிறகு அந்தக் களைப்பு உங்கள்மேல் கோபமாக இறங்கும். இதை நாத்தனாருக்கு வாயால் விளக்கிப் பயனில்லை. அவர் நான்கு ராத்திரி வந்து தங்கட்டும், அந்த நான்கு ராத்திரியும் நீங்கள் உங்கள் அம்மா வீட்டில் இருங்கள். நீங்கள் வீட்டிலேயே இருந்தால் அத்தை ஒவ்வொன்றுக்கும் உங்களைத்தான் கூப்பிடுவார், நாத்தனாருக்கு எதுவும் தெரியாது. மூன்றாம் ராத்திரி அவரே எனக்கு எழுதுவார்.

மாசம் ஒரு வீடு என்று முறை வைப்பதை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்கிறேன். நியாயமான பங்கீடு மாதிரித் தோன்றும், ஆனால் மறதி இருப்பவருக்கு இதைவிடக் கெடுதல் அதிகம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு போகப் பழகிய பாத்ரூம், சுவரில் சுவிட்ச் இருக்கும் இடம், எதிர்வீட்டு முகம் என்று கொஞ்சம் மிச்சமிருக்கும் பிடிமானம்தான் அவரை நடமாட வைக்கிறது. பெங்களூர் அடுக்குமாடியில் கொண்டுபோய் விட்டால் முதல் ராத்திரியே கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார். அங்கே கொஞ்சம் பழகுவதற்குள் மாசம் முடியும், ராணிப்பேட்டை வரும். அத்தை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். முறை வைத்து இடம் மாறவேண்டியவர்கள் பிள்ளைகள். நாத்தனார் மாசத்தில் நான்கு நாள் இங்கே. கொழுந்தனார் வரமுடியாவிட்டால் பணமாகத் தரட்டும். தினம் மூன்று மணி நேரம் கூட இருக்க ஊரிலேயே ஓர் அம்மா கிடைப்பார், அவருக்கான சம்பளம் கொழுந்தனார் பொறுப்பு. உங்கள் வீட்டுக்காரருக்கு ஞாயிறு முழு நாளும், சனி ராத்திரியும். அம்மாவைக் குளிப்பாட்ட மகனுக்குக் கூச்சம் இருக்கும், அத்தைக்கும் இருக்கும், அதை அவரிடம் கேட்கவேண்டாம். சாப்பாடு, மாத்திரை, ராத்திரி எழுந்தால் கூட நடப்பது, மருத்துவமனையில் வரிசையில் நிற்பது, இவை எதற்கும் பெண்ணாகப் பிறந்திருக்கத் தேவையில்லை.

இதை எல்லோரும் கூடும் நாளில் சாப்பாட்டுக்கு முன்பு பேசுங்கள். பிறகு என்றால் ஆளுக்கு ஒரு பக்கம் படுத்துவிடுவார்கள். யாருக்கு எந்த நாள், யார் எவ்வளவு என்று உங்கள் பிள்ளையை ஒரு தாளில் எழுதச் சொல்லி சுவரில் ஒட்டுங்கள். "நான் செத்துப்போயிடுவேன்" என்று சொன்னால் அழுகையோடு பேச்சு முடிந்துவிடும். "செவ்வாய், வெள்ளி மதியம் இரண்டு முதல் ஐந்து வரை நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன், யார் இருப்பீர்கள்?" என்று கேளுங்கள். அந்த மூன்று மணி நேரம் எதற்கு என்று யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. சும்மா படுத்திருக்கக்கூட இருக்கலாம். கூடுதலாக இன்னும் ஐந்நூறு பீடி சுற்ற அதைப் பயன்படுத்தினால் எனக்குக் கோபம் வரும்.

வேலூரில் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனைப் பக்கத்துத் தெருவில் போய்ப் பாருங்கள். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று இரண்டு நாள் ரயிலேறி வந்து, லாட்ஜில் ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டு, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வைத்தியம் பார்க்கிற ஆண்பிள்ளைகள் எத்தனை பேர்! ராணிப்பேட்டையிலிருந்து குடியாத்தம் வருவதற்கு யோசிக்கிற கொழுந்தனாரை அந்தத் தெருவில் ஒரு தரம் நடக்கவைக்கவேண்டும். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டு ஆட்களும் தங்கிச் சிகிச்சை பெறும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. பார்த்துக்கொள்பவருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால்தான் வைத்தியம் வீட்டிலும் நிற்கும் என்பது இந்த மாவட்டத்துக்குப் புதிய செய்தி இல்லை.

வீட்டை எழுதி வாங்கும் பேச்சு. இந்த நிலையில் அத்தையிடம் கைநாட்டோ கையெழுத்தோ வாங்கவேண்டாம். புரியாத மனநிலையில் போட்ட கையெழுத்து நாளைக்கு நீதிமன்றத்தில் நிற்காது, அண்ணன் தம்பி உறவும் அதோடு போகும். அதே 2007 சட்டத்தில், பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கிவிட்டுப் பார்க்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்க வழி உண்டு. கோட்டாட்சியர்தான் விசாரிப்பார், அந்த அலுவலகம் உங்கள் குடியாத்தத்திலேயே இருக்கிறது. கொழுந்தனாரிடம் இதை மட்டும் சொல்லுங்கள், மீதியை அவர் யோசித்துக்கொள்வார்.

ஹோமில் விடுவது பாவமில்லை. ஊர் என்ன சொல்லும் என்பதற்காக வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் மறதி உள்ளவர்களை ஏற்காத இல்லங்கள்தான் அதிகம், ஏற்பவற்றிலும் ராத்திரி எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பார்க்கப் போனால் காலையில் போகாதீர்கள், சொல்லாமல் சாயங்காலம் ஆறு மணிக்குப் போங்கள். இப்போது உங்களுக்கு அந்த முடிவு தேவையில்லை என்றே நினைக்கிறேன். முதலில் வேலை பங்கு போடப்படட்டும்.

கடைசியாக அந்த அடி. அது பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன். திருப்பி அடிக்கவோ, நடந்ததைச் சொல்லவோ முடியாதவர்மேல் விழுந்த அடி அது. கெட்டவளா என்று கேட்டீர்கள், அதற்கும் ஆமாம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வருஷமாக ராத்திரி முழுசாகத் தூங்காமல், பகலில் ஆயிரம் பீடிக்கு விரல் தேய்ந்து, பெயருக்கு ஒரு நல்ல வார்த்தை கேட்காமல் இருந்தால் யாருக்கும் கை நீளும். அது திரும்ப நடக்காமல் இருக்க மன்னிப்பும் பட்டினியும் உதவாது, தூக்கம் உதவும். கை எழுகிறது என்று தெரிந்த அந்த நொடியில் அவரை உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் அடுப்பு எரியவில்லை என்று பார்த்துவிட்டு, வாசலுக்கு வந்துவிடுங்கள். ஐந்து நிமிஷம் அவர் கத்தட்டும். அதற்குள் எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிடுங்கள். அதற்காகத்தான் அவர்களிடம் முன்பே சொல்லிவைக்கச் சொன்னேன். அவர் கத்தாமல் இருக்க ஓர் ஊசி போடுங்கள் என்று சிலர் கேட்பார்கள். அந்த வகை மருந்துகள் மறதி நோயாளிக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும். வேறு வழியில்லாதபோது கொஞ்ச காலத்துக்கு, குறைந்த அளவில் கொடுப்போம்.

காட்பாடி ரயில் பற்றி நேராகவே கேட்கிறேன். எங்காவது போய்விடலாம் என்பதா, உயிரோடு இருக்கவேண்டாம் என்பதா? முதலாவது என்றால், அது ஓய்வு கேட்கும் உடம்பின் பேச்சு. இரண்டாவது எப்போதாவது எட்டிப்பார்த்தாலும் அதைத் தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. முதியோர் உதவிகள் பற்றிக் கேட்க 14567 இருக்கிறது. அத்தைக்கு சர்க்கரை, பிரஷர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும், உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் பெயர் பதிவு செய்தால் மாதத்தில் ஒரு அலைச்சல் மிச்சம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குடியாத்தம் மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

மனநல மருத்துவரைப் பார்க்க வரும்போது அத்தை போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், மெடிக்கல் ஷாப்பில் வாங்கியதையும் விடாமல், ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். பழைய சீட்டுகள் வேண்டும். எப்போது தொடங்கியது, எது முதலில் தெரிந்தது என்பதை உங்கள் கடிதத்திலேயே நன்றாக எழுதியிருக்கிறீர்கள், அதையே காட்டலாம். வீட்டுக்காரர் கட்டாயம் கூட வரவேண்டும், ஒரு நாள் லீவு போட்டால் கம்பெனி நின்றுவிடாது. அத்தை எதிரில் உட்காரவைத்து அவர் குறைகளைச் சொல்லவேண்டாம், நீங்கள் தனியாகப் பேச நேரம் கேளுங்கள். ஓ.பி. சீட்டு இரண்டு போடுங்கள், ஒன்று உங்கள் பெயரில். பிரஷர், சர்க்கரை, இரத்த சோகை மூன்றும் உங்களுக்கும் பார்க்கவேண்டும். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், கடைசியாக எப்போது வயிறாரச் சாப்பிட்டீர்கள் என்று மருத்துவர் கேட்பார், அத்தையைப் பற்றிச் சொல்லத் தொடங்காமல் அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.